பச்சையம்மன் காட்டுக்குக் கேட்ட சம்மதம்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. உன் தபால் போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கே வந்தது. பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன், கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தேன். இங்கிலீஷில் நான்கு பக்கம், தமிழில் இரண்டு பக்கம், மேலே ‘ஊர் மக்களின் முன் சம்மதப் படிவம்’ என்று கொட்டை எழுத்து. கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: “அம்மா, தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிடு. பூசாரி அண்ணன்கிட்ட சொல்லி பூவும் கட்டிப் பாத்துடு. போன தடவை நான்தான் எடுத்தேன்னு சொன்னா ஒத்துப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும், இல்லன்னா நம்ம காட்டை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க.” பாப்பா, நான் கையெழுத்து வாங்கவில்லை. பூவும் கட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ “லேப்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாய். படித்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் மடித்து வைக்கிற கடிதமும் இல்லை இது. உன் பேராசிரியருக்கும், உங்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகிற அந்த மூன்று நாட்டு ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு. தமிழ் தெரியாதவர்களுக்கு நீயே எடுத்துச் சொல். முன்பு வந்த வெள்ளைக்காரர்கள் பேசியதை நாங்கள் அப்படித்தானே கேட்டோம்.

உனக்கு இந்த வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. ஆனைமலையில் ஒரு மழைக்காடு, கடல் தாண்டி போர்னியோவில் ஒரு மழைக்காடு, இரண்டுக்கும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, மழையே ஒழுங்காகப் பெய்யாத மரக்காணம் கரையில் நம்ம பச்சையம்மன் கோயில் காடு. எந்த மரம் எதைத் தாங்குகிறது, எது போனால் எது போகும், அதனால் ஜனங்களுக்கு என்ன நன்மை என்று ஐந்து வருஷம் சேர்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்று நீ சொன்னபோது உங்கப்பா அன்றைக்கே உப்பளம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். “எம்பொண்ணு மழைக்காட்டுக்குப் போறா.” அவர் மேஸ்திரியாக இருக்கிற அளத்தில் உப்பு வாருகிற அஞ்சலை அக்கா கையில் பலகையோடு நின்று கேட்டாளாம்: “அங்க மழை பேஞ்சினே இருந்தா உப்பு எப்டிண்ணா வெளையும்?” அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு நாள் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது தெரியுமா? உன் படிவத்துக்குப் பின்னால், அந்த இடம் கிடைப்பதற்காக நீ எழுதிக் கொடுத்த கட்டுரையையும் இணைத்திருந்தாயே, அதைப் படித்தபோது. என் இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனாலும் புரிந்தது. பதினோரு வயதில் நீ அம்மன் முன்னால் நின்று ஒரு பொட்டலத்தை எடுத்தாய், அதில் வெள்ளைப் பூ வந்தது, விஞ்ஞானிகள் காட்டுக்குள் வர அம்மன் உன் கையால் உத்தரவு கொடுத்தாள், அன்றைக்கே உன் வழி உனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி எழுதியிருக்கிறாய். நேர்காணலில் எல்லாரும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றும் சொன்னாய். நான் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். சாம்பார் அடிப்பிடித்து, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நம்ம காட்டைப் பற்றி உன் சிநேகிதர்களுக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்கிறேன். பெரிய காடு ஒன்றும் இல்லை. உப்பளத்துக்கும் ஊருக்கும் நடுவில், ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம் என்று உங்கப்பா சொல்வார். வீரை மரமும் காசானும் கொடியுமாகப் பின்னிக்கொண்டு உள்ளே வெயில் விழாது. அதற்குள் கத்தி, அரிவாள் போகக் கூடாது. அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக் கூடாது. காய்ந்து விழுந்தாலும் அங்கேயே மக்க வேண்டியதுதான். ஆடு உள்ளே நுழைந்து தழையைக் கவ்விவிட்டால், மேய்க்கிறவள் அதன் வாயைத் திறந்து தழையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வெளியே ஓட்டி வருவாள். அந்த ஆடு அவளை முறைக்கிற முறைப்பைப் பார்க்க வேண்டும். விறகுக்கு நாயாக அலைகிற ஊரில் இந்தக் காடு மட்டும் நின்றதற்கு வேறு காரணம் கிடையாது.

அப்படிப்பட்ட காட்டுக்குள் வந்து இலை வெட்டி எடுத்துப்போக வேண்டும், மரத்தில் ஆணி வைத்துத் தகடு அடிக்க வேண்டும் என்று பாண்டிச்சேரியிலிருந்து ஜீப்பில் ஒரு குழு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நம் நாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து செய்கிற வேலை என்றார்கள். தலைமை ஒரு வெள்ளைக்காரம்மா. கோயில் முன்னால் ஊர் கூடியது. அந்த அம்மா மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசியதும் பாதிப் பேருக்கு மனசு இளகிவிட்டது. கூட வந்தவர் தமிழில் சொன்னார். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர், குணம், உபயோகம் எல்லாம் போட்டுத் தமிழில் புத்தகம் தருவோம். இந்தக் காட்டு விதையிலிருந்து கன்று வளர்க்க நாற்றங்கால் போட்டுத் தருவோம். கடற்கரைக்கு எந்த மரம் நல்லது என்று உங்களுக்கே சொல்லித் தருவோம். பெரியவர்கள் தலையாட்டினார்கள், ஆனால் யாரும் சரி என்று சொல்லவில்லை. கடைசியில் பூசாரி ஏழுமலை அண்ணன்தான் சொன்னார்: “நம்ம கையில என்னா இருக்குது? அம்மனைக் கேட்டுடலாம். வெள்ளிக்கெழமை பூ கட்டிப் பாப்போம்.”

பூ கட்டுகிற முறை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு இலைத் துண்டு. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. வித்தியாசம் தெரியாமல் மடித்து நூல் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். வயசுக்கு வராத பெண்பிள்ளை ஒருத்தி ஒன்றை எடுப்பாள். வெள்ளை என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கல்லைக் கட்டிக் குளத்தில் போட்டுவிட வேண்டும். எப்போதும் பொட்டலம் கட்டுவது பூசாரியின் சம்சாரம். அந்த வாரம் அவர்கள் வீட்டில் தீட்டு. “டீச்சரு கட்டட்டும், சுத்தமா இருப்பாங்க” என்று என்னிடம் கொடுத்தார்கள். சத்துணவு அமைப்பாளரை ஊரில் டீச்சர் என்று கூப்பிடுகிற மரியாதை எனக்கு அப்போதே உண்டு. பாப்பா, நான் அரளியை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். இரண்டு இலையிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும்.

படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஊருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் நீ எழுந்து, “மரத்துல ஆணி அடிச்சா மரத்துக்கு வலிக்காதா?” என்று கேட்டாய். அந்த அம்மா வேலையெல்லாம் விட்டுவிட்டு உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதில் சொன்னாள். பிறகு என்னிடம், இந்தப் பெண்ணை நிறுத்தாமல் படிக்க வையுங்கள் என்றாள். உனக்கு முன்னால் படித்த பெண்கள் ஏழாவது முடித்ததும் உப்பளத்துக்குப் போய்க் காலில் புண்ணோடு திரும்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஜீப் மறுபடி வர வேண்டும் என்று இருந்தது. சிவப்பு வந்துவிட்டால் அது வராது, உன்னை அப்படிப் பார்க்கிறவர்களும் வரமாட்டார்கள். அதுதான் நிஜம். உனக்காக ஒரு ஊரை ஏமாற்றினேன். அதைப் போய் நீ அம்மன் உத்தரவு என்று எழுதி மூன்று நாட்டுக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறாய். கோபம் உன் மேல் என்று ஆரம்பித்தேன். எழுத எழுத அது என் பக்கம்தான் திரும்புகிறது.

வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். அப்படி இல்லை. அவர்கள் உழைத்த உழைப்பை நானே பார்த்தேன். கட்டெறும்பு கடித்து வீங்கிய காலோடு நாள் முழுக்க மரத்தை அளந்தார்கள். நம்ம பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு வரிசையில் தட்டோடு நின்று சாப்பிட்டார்கள். உனக்கு ஒரு லென்ஸ் கொடுத்தார்கள், நீ அதை வைத்து உங்கப்பாவின் காதுக்குள் இருக்கிற முடியை எண்ணினாய். செடிகளின் பெயரைச் சொன்னது அஞ்சலை அக்கா. உப்பு வேலை இல்லாத மழைக்காலம் முழுக்க அவர்களோடு நடந்தாள். எது வயிற்றுக்கு, எது உப்பு வெட்டின காலுக்கு, எது ஆட்டுக்கு ஆகாது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய திட்டம் முடிந்தது. நாற்றங்காலுக்கு என்று கம்பு நட்டு அளந்த இடத்தில் கம்பு மட்டும் நின்றது. நான்கைந்து வருஷம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. செங்கல் கனம், முழுக்க இங்கிலீஷ். அஞ்சலை அக்கா ஓடி வந்து, “எம்பேரு இருக்குதா டீச்சர் அதுல?” என்று கேட்டாள். நான் புரட்டிப் பார்த்தேன். ‘உள்ளூர் மக்கள்’ என்று இருந்தது. “இருக்குது அக்கா” என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். பிறகு புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அழகாக இருந்தது.

கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ லீவில் வீட்டில் இருந்தாய். கரையில் மணல்மேட்டு மேல் தாழையும் புன்னையும் சங்கஞ்செடியும் புதராக நின்ற இடத்துக்குப் பின்னால் தண்ணீர் முழங்கால் அளவோடு நின்றதையும், வெட்டவெளியாக இருந்த வடக்குப் பக்கம் வலையும் கட்டுமரமும் குடிசையும் அள்ளிக்கொண்டு போனதையும் நீயும்தான் பார்த்தாய். அடுத்த கோடையில் உதவி செய்கிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கரை நெடுக வரிசையாகச் சவுக்கு நடுவோம், அதற்கு முன்னால் அந்தக் காட்டுப் புதரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்த காகிதம் இங்கிலீஷ். படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். படித்தேன், நல்லதுதான் போலிருக்கிறது என்று சொன்னேன். அஞ்சலை அக்கா மட்டும், “தாழையை ஏன் வெட்டணும்? அது மண்ணைப் புடிச்சினு இருக்குதே” என்றாள். அவளை யாரும் சட்டை செய்யவில்லை. நானும் செய்யவில்லை. இரண்டு நாளில் எந்திரம் வந்து வழித்துப் போட்டது. வெட்டிக் குவித்த புன்னையும் பூவரசும் வீணாகப் போகிறதே என்று பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் ஏற்றச் சொன்னேன். அந்த விறகில் மூன்று மாதம் சோறு ஆக்கினேன். நன்றாக எரிந்தது. சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அடுத்த கோடைக்குள் கருகிப் போயிற்று. இப்போது சித்திரை வைகாசியில் கடல் காற்று அடித்தால் மணல் நேரே உப்புப் பாத்திக்குள் வந்து விழுகிறது. உங்கப்பா அளத்து உப்பு மண் கலந்து பழுப்பாக வருகிறது. குடிக்கிற கிணற்றிலும் உவர்ப்பு ஏறிவிட்டது.

இந்த வருஷம் பொங்கல் லீவில் நீ வந்தபோது, பரீட்சைக்கு வேண்டும் என்று அலமாரியைத் திறக்கச் சொன்னாய். நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாய். “அம்மா, இதுல நம்ம மணல்மேட்டைப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்குது. தாழை, புன்னை, சங்கஞ்செடி எல்லாம் உப்புத் தண்ணியைத் தாங்கும், மணலைப் புடிக்கும், வெட்டிட்டா திரும்ப வர்றது கஷ்டம்னு எழுதியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தாய். எனக்கு உன்னை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. என்னையும்தான். அந்தப் பக்கம் எத்தனை வருஷமாக என் இடுப்புச் சாவிக்கு உள்ளே கிடந்தது! எழுதினவர்களுக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லவில்லை. அஞ்சலைக்குத் தெரியும், அவள் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. செடிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்த நீ அந்தக் கோடையில் இரண்டு முறை வந்துபோனாய். எந்திரம் நின்ற இடத்தைத் தாண்டித்தான் பஸ் ஏறினாய். நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராய்ச்சியே தப்பு என்று நான் சொல்லவில்லை, அப்படிப் புரிந்துகொண்டு என்னோடு சண்டைக்கு வராதே. அந்த ஒரு பக்கம் தமிழில் இருந்திருந்தால் ஊரே எந்திரத்துக்கு முன்னால் போய்ப் படுத்திருக்கும். அவ்வளவு நல்ல விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதை எங்களுக்குப் புரியாத இங்கிலீஷுக்குள் பூட்டி வைக்க அவர்களுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது உன் படிவத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பக்கத்தில் ‘பொது நன்மைகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நீ, ‘இந்த ஆய்வின் முடிவுகள் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் உள்ளூர் மக்களின் நலனுக்கும் உதவும்’ என்று எழுதியிருக்கிறாய். எங்கே கற்றுக்கொண்டாய் இந்தப் பாஷையை? உதவும் என்றால் யார், யாருக்கு, எப்போது, எந்த மொழியில் வந்து உதவுவார்கள்? நம்ம ஊர்க் கிணறு அதில் எங்கே இருக்கிறது? உங்கப்பாவின் பழுப்பு உப்பு எங்கே இருக்கிறது? நீ இந்த ஊர்ப் பெண். ஜீப்பில் வந்தவர்கள்கூட நாற்றங்கால் என்று ஒரு பொருளைச் சொல்லிப் பொய்யானார்கள். நீ பொருளே சொல்லவில்லை. உன் மேல் பாசம் இருக்கிறது என்பதற்காக இதை நான் விட்டுவிட முடியாது. உன் பேராசிரியரிடம் சொல், அடுத்த படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பெரிதாகப் போடச் சொல். கண்டுபிடித்ததைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால், சம்மதம் கேட்ட ஊருக்கு வந்து வாயால் சொல்லுங்கள். பெயர் சொன்னவளின் பெயரைப் போடுங்கள், அஞ்சலை என்று எழுதப் பெரிய இடம் ஒன்றும் பிடிக்காது.

இதையெல்லாம் உனக்கு மட்டும் எழுதிவிட்டு ஊருக்குச் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை முடிந்ததும், உன் படிவத்தோடு கோயில் முன்னால் போய் நின்றேன். உங்கப்பா பக்கத்தில் இருந்தார், அவருக்கும் அதுவரை தெரியாது. முதலில் நீ கேட்டதைச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், நம்ம பொண்ணு, நம்ம பொண்ணு என்று. பூசாரி அண்ணன், “அவளுக்கு இல்லாத உத்தரவா? வர்ற வெள்ளிக்கெழமையே கட்டிடலாம்” என்றார். அப்போது சொன்னேன், போன முறை இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன் என்று. சிவப்பை முடிந்துகொண்டதையும் சொன்னேன். பூசாரி அண்ணன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். “இத்தினி வருஷமா அம்மன் உத்தரவு குடுத்துச்சின்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லினு இருந்தேனே. என்னைப் பொய்யனாக்கிட்டியேம்மா” என்றார். அவர் காலில் விழுந்தேன். நகர்ந்துகொண்டார். உங்கப்பா தலையைக் குனிந்தபடி கூட்டத்தை விட்டுப் போய்விட்டார். இன்றைக்கு மூன்றாவது நாள், என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

யாரும் அடிக்க வரவில்லை. வந்திருந்தால் தேவலாம் போல இருந்தது. அஞ்சலை அக்காதான் வாயைத் திறந்தாள். “பூ வெள்ளையா செவப்பா, அதா இப்ப கேள்வி? அவங்களோட காட்டுல நடந்தது நானு. சொன்னது நானு. என்னை ஒரு வார்த்தை வேணுமா வேணாமான்னு கேட்டீங்களா? யாரும் கேக்கல. அம்மனைக் கேட்டீங்க. அம்மன் வந்து வேணாம்னு பேசவா போவுது?” பூசாரி அண்ணன் கீழே வைத்த தட்டை எடுத்து அம்மன் முன்னால் வைத்தார். பிறகு, “இனிமே இதுக்கு நான் பூ போட மாட்டேன். யாருக்கும் போட மாட்டேன். ஊரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை முன்பு வந்ததில்லை.

அதற்குப் பிறகு பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நீ வர வேண்டும். அந்தச் செங்கல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, உப்பு வேலை முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்த பிறகு, சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி. அதை முடித்த பிறகு, இப்போது எதற்கு வருகிறோம் என்று நீயே வாய்விட்டுக் கேட்க வேண்டும். அம்மா மூலமாக இல்லை, தலைவர் மூலமாக இல்லை. “வேணும்னு தோணுச்சின்னா வேணும்னு சொல்றோம். வேணாம்னு தோணுச்சின்னா வேணாம்னு சொல்றோம்” என்றாள் அஞ்சலை. பிறகு படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “வேணாம்னு சொல்றதுக்கு அதுல எடம் இருக்குதா டீச்சர்?” என்று கேட்டாள். நான் முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். இங்கிலீஷ் பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘சம்மதிக்கிறோம்’ என்று ஒரு இடம் இருந்தது, அதற்கு நேராகக் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. வேறு எதுவும் இல்லை. ஆறு பக்கத்தில் இல்லை, பாப்பா.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘சம்மதிக்கிறோம்’ என்ற இடத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதே அளவில் ‘சம்மதம் இல்லை’ என்று ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன். பக்கத்தில் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். உன் பேராசிரியர் திட்டினால் ஒரு சத்துணவுக்காரி வரைந்தது என்று சொல். இதை நகல் எடுத்து ஆனைமலைக்கும் போர்னியோவுக்கும் கொண்டுபோ. அங்கேயும் காட்டுக்குப் பக்கத்தில் ஊர் இருக்கும், ஊரில் பெயர் சொல்லித் தருகிறவள் ஒருத்தி இருப்பாள். மாசக் கடைசி தாண்டிவிடும், நம்ம காட்டை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று உனக்குப் பதறும். எடுத்துவிட்டால், எங்களைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம். நீ மட்டும் வா. வந்தால் தலைவர், பூசாரி, அஞ்சலை, உங்கப்பா எல்லாரையும் போல எனக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்து உண்டு என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் போடப்போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளை நீ என்பதற்காக இந்த முறை போட்டுவிட மாட்டேன். வந்து என்னையும் கேள்.

அம்மா